பூங்காவுக்கு அடியில் ஓர் ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கைப் புகழ்பவர்கள், அதை வடிவமைத்த ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரின் பெயர்களோடு நின்றுவிடுகிறார்கள். 1825 முதல் கறுப்பின மக்கள் மனை வாங்கிக் குடியேறிய, மூன்று தேவாலயங்களும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்த செனகா கிராமம், அந்தப் பூங்காவுக்காகவே 1857இல் காலி செய்யப்பட்டது. அன்று அம்மாநிலத்தில் கறுப்பின ஆண் வாக்களிக்க 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும் என்பதால், சிலருக்கு நிலத்தோடு வாக்குரிமையின் ஆதாரமும் பறிபோனது. இழப்பீடு வழங்கப்பட்டது உண்மையே. அது போதாதென்று முறையிட்டவர்களும் உண்டு. சொந்தப் பத்திரம் வைத்திருந்தவர்களையும் ஆக்கிரமிப்பாளர்கள் போலவே அன்றைய பத்திரிகைகள் சித்திரித்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 2011இல் அங்கே அகழ்ந்தபோது இரும்புத் தேநீர்க் கெண்டியும் ஒரு குழந்தையின் காலணியும் கிடைத்தன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்