எந்தப் பக்கச் சன்னல்?

செங்கோட்டை,
ஆனி 22.

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. சம்பந்தியம்மாள் உடல் தேறி வீடு திரும்பியது பெரிய நிம்மதி. இங்கே சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலம் போகும் வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

ஆடியில் விமானத்தில் திருவனந்தபுரம் வந்திறங்கி, கொல்லம் வழியாக ரயிலில் இங்கே வரப்போவதாக எழுதியிருக்கிறாய். புதுக் கேமராவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீ, எந்தப் பக்கத்து இருக்கை என்று ஒரு வரி எழுதவில்லையே! பயணத்தில் எடுக்கும் படம் முக்கால் பங்கு டிக்கெட் பதிவு செய்யும்போதே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

காலை விமானம் என்றால் வலப்பக்கச் சன்னலைக் கேள். சென்னையிலிருந்து தென்மேற்காக வரும்போது வெயில் உனக்கு இடப்பக்கம் விழும். மேற்குத் தொடர்ச்சி மலையோ வலப்பக்கம் வரும். இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசை நல்லது; பின்னால் உட்கார்ந்தால் எஞ்சின் கக்கும் அனலில் காட்சி நெளியும். இந்தப் பருவத்தில் கேரளத்து மேகம் முகட்டோடு அணை கட்டியதுபோல நின்றுவிட, கிழக்கே நம் பக்கத்துக் குளங்களும் செம்மண்ணும் வெயிலில் கிடப்பதைப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூரோடும், பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததை நினைத்தால், மலைக்கு இந்தப் பக்கம் கிடக்கும் ஊரை யார் அங்கே சேர்த்தார்கள் என்று மேலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றத்தான் செய்யும். வெயிலுக்கு எதிர்ப்புறம் நீ இருப்பதால், கீழே மேகம் பரவியிருந்தால் விமானத்தின் நிழலும் அதைச் சுற்றி வண்ண வளையமும் விழக்கூடும். அது சில நொடிகளில் மறையும், கேமராவைப் பையில் வைத்துவிடாதே.

கூசலைக் குறைக்க நீ வாங்கியிருக்கும் போலரைசர் ஃபில்டரை விமானத்தில் மாட்ட வேண்டாம். சன்னல் தகட்டுக்குள் இருக்கும் இறுக்கம் அதன் வழியே வானவில் திட்டுத் திட்டாகத் தெரியும். லென்ஸைக் கண்ணாடியில் அழுத்தினால் விமானத்தின் அதிர்வு படத்தில் ஏறும். விரலளவு இடைவெளி விட்டு, கறுப்புத் துண்டால் சுற்றிலும் மறைத்துக்கொண்டால் உள்விளக்கின் பிரதிபலிப்பும் வராது. ராணுவமும் பயன்படுத்தும் விமான நிலையங்களில் படம் எடுக்கத் தடை உண்டு. ஊழியர் வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் வைத்துவிடு.

ரயில்தான் எனக்குப் பிடித்த இடம். புனலூர் தாண்டியதும் பின்னாலும் ஓர் எஞ்சின் தள்ள, வண்டி மெதுவாக ஏறும். வேகம் குறைவு என்று ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை அசட்டையாக விட்டுவிடாதே. தூரத்து மலை எப்படியும் நிற்கும். கைக்கெட்டும் தூரத்துச் செடியும் பாறையும்தான் கோடாக இழுபடும். அவையும் தெளிய வேண்டுமானால் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வேண்டும். எனக்கோ அந்த இழுபட்ட பச்சைதான் பிடிக்கும். வண்டி ஓடுகிறது என்பதை அதைவிட எது சொல்லும்? நீ அனுப்பிய படங்களில் மின்கம்பங்கள் சாய்ந்திருப்பதற்குக் கையாட்டம் காரணமில்லை. கைபேசி ஒரு படத்தை வரிவரியாகப் பதிவு செய்வதால், கீழ்வரிக்கு வருவதற்குள் கம்பம் நகர்ந்துவிடுகிறது.

மதிய வண்டியில் வந்தால் அங்கும் வலப்பக்கமே உட்கார். இந்த மாதங்களில் நம் ஊர்ச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். கிழக்கே வருபவனுக்கு அது இடப்பக்கம். மார்கழியில் இது தலைகீழாகிவிடும். வளைவுகளில் வெயில் பக்கம் மாறும், சாரல் மூடினால் இந்தக் கணக்கெல்லாம் வீண் என்பதும் உண்மை. கழுத்துருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தைப் படமெடுக்க எல்லாரும் வாசலுக்கு ஓடுவார்கள். 1904இல் திறந்த மீட்டர்கேஜ் பாதைக்காகக் கட்டிய பாலம் அது. அதன்மேல் போகிறவனுக்கு அதன் கண்கள் எப்படித் தெரியும்? கீழே ஓடும் சாலையிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும், ஒருநாள் காரில் கூட்டிப்போகிறேன். படிக்கட்டில் நின்று எடுக்கும் பிள்ளைகளைப் பார்த்து நீயும் இறங்கிவிடாதே. படியில் பயணம் செய்வது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி குற்றம், மேலும் குகைச்சுவர் மிக நெருக்கத்தில் வரும். சன்னல் கம்பிகளுக்கு இடையில் லென்ஸை வைத்து, வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுத்தால் போதும்.

ஆரியங்காவுக்கு அப்புறம் எல்லையில் நீளமான குகை வரும். அதற்குள் படம் எடுக்க ஒன்றுமில்லை. ஆனால் வெளியே வந்ததும் கண் கூசும் வெளிச்சத்துக்குக் கேமராவை முன்கூட்டியே தயார் செய்துகொள். அந்தப்புறம் நனைந்த காடும் இந்தப்புறம் பகவதிபுரத்து வயலும் தென்னையும், இரண்டையும் ஒரே இருக்கையிலிருந்து எடுத்துவிடலாம்.

பயணத் தேதி உறுதியானதும் எழுது, ரயிலடிக்கு வருகிறேன். எடுத்ததில் நல்லவற்றைப் பிரிண்ட் போட்டு அனுப்பினால் போதும். கைபேசித் திரையில் பார்க்க என் கண் இடம் கொடுக்கவில்லை.

அன்புடன்,
உன் கணபதி