ஒரே ஒரு கட்டம்: பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களிலும் பகுதிநேரப் பட்டப்படிப்புகளை வகுக்கும் பெரியோருக்கு,

வணக்கம். எனக்கு வயது 47. ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு, துவாஸில் வேலை. கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். தளத்தில் தமிழ் பேசுகிற எல்லாருக்கும் ‘சேஃப்டி அண்ணன்’. காலையில் வேலை தொடங்கும் முன் டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டம் நடத்துவது, பெர்மிட்டைச் சரிபார்ப்பது, ஏறி வேலை செய்யக் கட்டிய சாரத்தில் தொங்குவது ஏறலாம் என்கிற பச்சை அட்டையா ஏறாதே என்கிற சிவப்பு அட்டையா என்று பார்ப்பது, உயரத்தில் எவனாவது பாதுகாப்புக் கொக்கியை மாட்டாமல் நின்றால் தொண்டை வற்றக் கத்துவது, இதுதான் 19 வருஷமாக என் பிழைப்பு.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, படிப்பு அங்கேயே நின்றது. அப்புறம் தேசிய சேவை, வேலை, கல்யாணம், வீட்டுக்கடன். முப்பது வயதுக்குமேல் இராத்திரி வகுப்புக்குப் போய் எப்படியோ ஒரு டிப்ளோமாவை முடித்தேன். போன வருஷம் மகள் பல்கலைக்கழகம் போனபிறகுதான், நாமும் போனால் என்ன என்று தோன்றியது. அவள் பாடத்திட்டமும் எனக்காக நான் வாங்கி வந்த பகுதிநேரப் பட்டப்படிப்புக் கையேடும் ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இந்த மடலுக்கு அந்த இரண்டு தாள்களும்தான் காரணம்.

அவள் தாளில் தரவு அறிவியல் இருக்கிறது, பக்கத்திலேயே ஆசியவியல் இருக்கிறது, எழுத்துப் பயிற்சி, வடிவமைப்புச் சிந்தனை, செயற்கை நுண்ணறிவு எல்லாம் இருக்கின்றன. என் தாளில் முதல் வரியே ‘ஒரு முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்’. சரி, தேர்ந்தெடுக்கலாம். எதை?

எதை என்று எனக்கு ஏன் சொல்லத் தெரியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும் என்றால் சாரத்தில் நின்ற அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி, வந்து எட்டு மாதம். நான் கீழே நின்றால் இரண்டு கொக்கிகளையும் ஒழுங்காக மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு போவான், நான் திரும்பினால் இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். மூன்றாவது தடவை பிடித்தபோது திட்டாமல் கூட்டிப்போய்த் தேநீர் ஒன்று வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். “அண்ணே, மாட்டி மாட்டிக் கழட்டிக்கிட்டுப் போனா வேலை மெதுவாகுது. மெதுவானா ஓடி லிஸ்ட்ல பேரை எடுத்துருவாங்க. ஓடி இல்லன்னா ஊர்ல வட்டி கட்ட முடியாது.” ஓடி என்றால் ஓவர்டைம், மிகைநேர வேலை. அவ்வளவுதான். அவன் மூன்றே வாக்கியத்தில் முடித்துவிட்டான். நான்தான் பல மாதமாக முடிக்க முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். சாரமும் கொக்கியும் பொறியியல். ஏஜென்டுக்குக் கட்டிய பணத்துக்கு ஊரில் ஏறும் வட்டி பொருளியல். பார்க்கிற கண் இருந்தால் ஒரு மாதிரியும் இல்லாவிட்டால் ஒரு மாதிரியும் நடப்பது உளவியல். யார் மீது என்ன பொறுப்பு என்பது சட்டம். 2006இல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஆபத்தை அது பிறக்கிற இடத்திலேயே குறைக்கச் சொல்கிறது, ஆனால் இந்த ஆபத்து பிறந்த இடம் சாரம் இல்லை, புதுக்கோட்டையில் ஒரு வட்டிக்கடை. கடைசியாக மொழி. ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டிய எந்தச் சுவரொட்டியும் அவனிடம் இந்த மூன்று வாக்கியத்தை வரவழைத்திருக்காது. இதில் எது முதன்மைப் பாடம், எது துணைப்பாடம்?

இது ஒரு பையனின் கதை மட்டும் இல்லை. 2022இல் சிங்கப்பூர் வேலையிடங்களில் 46 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து 2023 மே வரை மனிதவள அமைச்சு கூடுதல் பாதுகாப்புக் காலம் என்று அறிவித்துக் கெடுபிடி செய்தது. 2023இல் எண்ணிக்கை 36ஆக இறங்கியது. 2024இல் மறுபடி 43. ஏன் இறங்கியது, ஏன் ஏறியது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம், சுற்றிச் சுற்றி ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்பதில் வந்து நிற்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புள்ளிவிவரத்தைச் சந்தேகப்பட்டுப் படிக்கவும் எனக்குத் தெரியாது, மனிதர்கள் ஏன் அப்படி நடக்கிறார்கள் என்பதை அனுமானத்துக்குமேல் சொல்லவும் தெரியாது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள். என் நிலைமை தலைகீழ்: கூடை நிறையச் சுரைக்காய் இருக்கிறது, ஏடுதான் இல்லை.

சரி, ஏடு வாங்கலாம் என்று ஒரு பல்கலைக்கழகத்தின் பொது வரவேற்பு நாளுக்குப் போனேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், அங்கே என்னிடம் பேசிய இளைஞர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். உளவியல், கட்டுமான நிர்வாகம், கொஞ்சம் சட்டம், கொஞ்சம் தமிழ், நான்கையும் கலந்து ஒரு பட்டமாகப் படிக்க வழி உண்டா என்று கேட்டேன். சிரித்தார். “அங்கிள், உங்கள் வேலைக்கு எது உதவுமோ அதை மேஜராக எடுங்கள். மற்றதை எல்லாம் ஆர்வத்துக்காகக் குறுகிய பாடங்களாகப் படிக்கலாமே” என்றார். அந்தக் குறுகிய பாடங்கள் பட்டத்தில் சேருமா? சேராது. என் 19 வருஷ அனுபவம் எதற்காவது சேருமா? டிப்ளோமா மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார், அதுவும் பழையது என்பதால் எத்தனை பாடத்திலிருந்து விலக்கு கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம்.

ஆர்வத்துக்காக! அந்தச் சொல்லில்தான் எனக்குக் கோபம் வந்தது. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் பல துறைகளைக் கலந்து படித்தால் அதற்குப் பெயர் எதிர்காலத்துக்குத் தயாராவது. நாற்பத்தேழு வயதுக்காரன் கேட்டால் பொழுதுபோக்கு.

பிள்ளைகளுக்கு நீங்கள் செய்திருப்பது நல்ல காரியம், அதில் எனக்குப் பொறாமையே தவிரக் குறை இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் கலைப்புலத்தையும் அறிவியல் புலத்தையும் சேர்த்து ஒரு கல்லூரியாக்கி 2021இல் முதல் மாணவர்களை எடுத்தது, அங்கே பட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எல்லாருக்கும் பொதுவான பலதுறைப் பாடங்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அதே ஆண்டு எல்லா மாணவருக்கும் பொதுப் பலதுறைப் பாடங்களைக் கொண்டுவந்தது. உலகத்துப் பிரச்சினைகள் ஒரு துறைக்குள் அடங்குவதில்லை என்று நீங்களே காரணமும் சொன்னீர்கள். அந்தப் பிரச்சினைகளோடு தினமும் லாரி ஏறி இறங்குகிற எங்களுக்கு மட்டும் ஏன் ஒற்றைத் துறை?

பகுதிநேரப் பட்டத்திலும் மைனர், அதாவது துணைப்பாடம், எடுக்கலாம் என்பீர்கள். தெரியும். இலையோரம் வைக்கிற ஊறுகாய் அது. நான் கேட்பது சாப்பாட்டை. சிறு சான்றிதழ்களை அடுக்கிப் பட்டமாக்கும் வழியைச் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் திறந்திருப்பதும் தெரியும், அது உண்மையிலேயே நல்ல யோசனை. ஆனால் அடுக்குகிற கற்கள் எல்லாம் ஒரே சூளையில் சுட்டவையாகவே இருக்க வேண்டுமா? ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல், இன்னொன்றில் சட்டம் என்று எடுத்து இரண்டையும் ஒரே பட்டத்தில் சேர்க்க விடுங்கள். ஊர் இவ்வளவு சின்னது, பேருந்து அட்டை ஒன்றே எல்லா ரயிலிலும் செல்கிறது.

இது ஒன்றும் யாரும் செய்யாத வேலை இல்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே பல துறைப் பாடங்களைக் கலந்து பட்டம் வாங்க விட்டது, இன்றும் அங்கே ‘திறந்த பட்டம்’ என்றே ஒன்று உண்டு. அதே 1971இல் நியூயார்க் மாநிலத்தில் எம்பயர் ஸ்டேட் கல்லூரி என்று தொடங்கி இன்று பல்கலைக்கழகமாகிவிட்ட இடத்தில் வேலைக்குப் போகும் பெரியவர் ஒருவர் வழிகாட்டியோடு உட்கார்ந்து தன் பட்டத்தைத் தானே திட்டமிடலாம். வேலையில் கற்றதை எழுதி நிரூபித்தால் அதற்கும் பட்டத்தில் சேரும் மதிப்பலகு (கிரெடிட்) உண்டு. சும்மா கொடுப்பதில்லை, மதிப்பிட்டுத்தான் கொடுப்பார்கள். எனக்கும் அதுதான் வேண்டும். என் அனுபவத்தைச் சோதியுங்கள், கேள்வி கேளுங்கள், ஒரு விபத்து அறிக்கையைக் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். தேறாவிட்டால் முதலிலிருந்து படிக்கிறேன்.

நம் ஊருக்கும் இது அந்நியம் இல்லை. 1990களில் சிங்கப்பூர் நிர்வாகக் கழகம் வழியாக அந்தப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே இருந்தே வேலை பார்த்துக்கொண்டு படித்தவர்கள் நிறையப் பேர். அந்த வழியில் வந்ததுதான் 2005இல் உருவான சிம் பல்கலைக்கழகம், 2017இல் அது ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகமாகிச் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. அங்கே தமிழ்மொழியையும் இலக்கியத்தையும் பகுதிநேரப் பட்டமாகவே படிக்கலாம், அதில் எனக்குப் பெருமைதான். தமிழ் என்றால் தமிழாசிரியர் ஆகப்போகிறவருக்கு என்று ஒதுக்கிவிடாமல், என்னைப் போன்றவன் பாதுகாப்புப் படிப்போடு சேர்த்துக்கொள்ளும் பாடமாகவும் அது ஆகட்டும் என்பதுதான் என் ஆசை. ‘ரிஸ்க் அசெஸ்மென்ட்’ என்பதை ஓர் இளைஞனுக்குப் புரியும் தமிழில் சொல்லும் பயிற்சி எந்தப் பாடத்திட்டத்திலாவது இருக்கிறதா?

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன் பயிற்சித் திட்டத்தில் 4,000 வெள்ளி சிறப்புத்தொகை வந்தது, நன்றி. வேலைவாய்ப்பைக் கூட்டும் என்று தேர்ந்தெடுத்த படிப்புகளுக்குத்தான் அது செல்லும். தேர்ந்தெடுத்த முழுநேரப் படிப்புக்கு மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகை உண்டு, தேர்ந்தெடுத்த பகுதிநேரப் படிப்புக்கு மாதம் 300 வெள்ளி என்று 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அரசாங்கம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் நான் கேட்கிற கலவைக்கு ஒரு பெயரும் ஒரு பாடக்குறியீடும் நீங்கள் கொடுத்தால்தான் அது எந்தப் பட்டியலிலாவது ஏறும்.

முதலாளிகள் இப்படிப்பட்ட பட்டத்தை மதிப்பார்களா என்று கேட்பீர்கள், என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். எல்லா முதலாளிகளுக்காகவும் என்னால் பேச முடியாது. ஆனால் 2026 ஜூலையிலிருந்து ஓய்வு வயது 64, ஓய்வுக்குப் பிறகும் வேலையில் தொடரும் மறுவேலை வயது 69. கணக்குப் பார்த்தால் எனக்கு இன்னும் 22 வருஷம் இருக்கிறது. படித்து முடிக்க ஆறு வருஷம் போனாலும் 16 வருஷம் மிச்சம். ஒரே மென்பொருளை, ஒரே சான்றிதழை நம்பி 16 வருஷம் ஓட்ட முடியாது என்று எங்களுக்கு ஓயாமல் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே.

வகுப்பு நேரத்தைப் பற்றிப் புலம்பினால் மடல் நீண்டுவிடும். மாலை ஏழு மணி வகுப்புக்குத் துவாஸிலிருந்து பூட்ஸோடு ஓடிவருகிறவனைக் கொஞ்சம் மனதில் வைத்து அட்டவணை போடுங்கள், போதும்.

உங்கள் குழுவில் எங்களைப் போல இரண்டு பேரை உட்கார வையுங்கள். தாதி ஒருவர், கப்பல்பட்டறை மேற்பார்வையாளர் ஒருவர், யாராக இருந்தாலும் சரி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டால் நானே வருகிறேன், கோப்பி செலவும் என்னுடையது.

விண்ணப்பத்தை நான் இன்னும் அனுப்பவில்லை. பெயர், முகவரி, டிப்ளோமா எல்லாம் நிரப்பிவிட்டேன். முதன்மைப் பாடம் என்ற கட்டத்தைத் தொட்டால் பட்டியல் விரிகிறது. ஒன்றைத் தொட்டதும் மற்றதெல்லாம் மறைந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு ‘சேஃப்டி அண்ணன்’