கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பக்கம்

சிகாகோ,
அக்டோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போனில் பேசினால் முட்டிவலியும் மழையுமே நேரத்தைத் தின்றுவிடுகின்றன. "நூலகத்துல அப்படி என்னதாம்மா வேலை?" என்று போன வாரம் கேட்டீர்கள். முப்பது வருஷம் கிளை நூலகத்தைப் பார்த்துக்கொண்டவருக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் இருப்பது சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரீகன்ஸ்டைன் நூலகத்தில். 1970-இல் திறந்தது. அதை ஒட்டி 2011-இல் மான்சுவேட்டோ நூலகம் என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் கண்ணாடிக் குமிழ் மட்டும் தெரியும். புத்தகங்கள் தரைக்குக் கீழே 50 அடி ஆழம் வரை அடுக்கியிருக்கின்றன. மொத்தம் 35 லட்சம் புத்தகங்கள் கொள்ளும். கேட்டால் இயந்திரம் ஐந்து நிமிடத்தில் பெட்டியோடு மேலே கொண்டுவந்துவிடும். உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். தேடிப் போன புத்தகத்துக்குப் பக்கத்துப் புத்தகம் கண்ணில் படவேண்டும் என்பீர்களே! கவலைப்படாதீர்கள், ரீகன்ஸ்டைனில் இன்னும் அலமாரிகளுக்கு நடுவே நடக்கலாம்.

என் வேலை பெரும்பாலும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தொழில்நுட்ப உதவி. ஒவ்வொரு பாடத்துக்கும் கேன்வாஸ் என்ற தளத்தில் ஒரு பக்கம் உண்டு. பாடக்குறிப்பு, வீட்டுவேலை, மதிப்பெண் எல்லாம் அங்கேதான். பருவம் தொடங்கும் வாரத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. அதெல்லாம் பழகிவிட்டது. எனக்குப் பிடித்த வேலை வேறு.

ஆசிரியர் ஒருவர் பழைய புத்தகத்தின் ஒரு அத்தியாயத்தை ஸ்கேன் செய்து போடுகிறார் என்று வையுங்கள். நமக்கு அது எழுத்து. கணினிக்கு அது வெறும் படம். பார்வையில்லாத மாணவி, திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருளில் அதைத் திறந்தால் ஒரு சத்தமும் வராது. அந்தப் படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்க மென்பொருள் இருக்கிறது, ஆனால் அது மட்டும் போதாது. பக்கத்தில் இரண்டு பத்திகள் இருந்தால் இடப் பத்தியின் முதல் வரியையும் வலப் பத்தியின் முதல் வரியையும் சேர்த்துப் படித்து உளறும். எது முதலில், எது அடுத்து என்று நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டுப் பார்ப்பேன். சரியாக வந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

அப்புறம் கண்காட்சி. அரிய நூல்கள் இருக்கும் பிரிவுக்கென்று தரைத்தளத்தில் ஒரு கூடம் உண்டு, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அங்கே ஒரு பழைய புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எவ்வளவு பாடு தெரியுமா! முதுகு விரியாதபடி அதன் அளவுக்கே ஒரு தாங்கி செய்யவேண்டும். பக்கம் புரளாமல் இருக்க மெல்லிய, கண்ணாடி போன்ற பட்டையைத் தளர்வாகச் சுற்றவேண்டும். வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது, பட்ட வெளிச்சத்தின் சேதம் திரும்பவே திரும்பாது. உள்ளே நுழைந்தால் முதலில் மங்கலாகத் தெரிவது அதனால்தான். சில மாதங்களில் புத்தகம் இருட்டுக்குத் திரும்பிவிடும்.

மாணவர்களே பொருளைத் தேர்ந்தெடுத்து விளக்க அட்டை எழுதுவதும் உண்டு. நூறு வார்த்தைக்குள் முடிக்கவேண்டும். முதல் வரைவில் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுவார்கள். நின்றுகொண்டு படிப்பவரை நினைத்து எழுதுங்கள் என்று சொல்லிச் சொல்லிக் குறைக்க வைப்போம். இணையத்தில் அதே படத்தைப் போடும்போது, பார்க்க முடியாதவருக்காகப் படத்தில் என்ன இருக்கிறது என்று இன்னொரு குறிப்பும் எழுதவேண்டும். ஒரே பக்கத்துக்கு இரண்டு விதமான வாசகர்கள்.

இதைச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் உங்கள் நூலக வார விழாதான் எனக்கு ஞாபகம் வரும். நவம்பர் 14 வந்தால் வாசிப்பறை மேசைகளில் அம்மாவின் சேலையை விரித்துப் புத்தகங்களை வைப்பீர்கள். ஒவ்வொன்றின் முன்னும் சார்ட் அட்டையில் தடித்த பேனாவால் இரண்டே வரி. "பெஞ்சுல உக்காந்திருக்கிற பெரியவருக்கும் தெரியணும்" என்று எனக்குப் பேனா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அங்கேதான்.

இன்னொன்று. நம் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்திருந்த பழைய தமிழ்ப் புத்தகங்களை அமெரிக்காக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அவர் 1992-இல் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது இந்தப் பல்கலைக்கழகம்தான். ஆனால் புத்தகங்கள் கடல் தாண்டவில்லை. 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் தொடங்கி அங்கேயே வைத்துவிட்டார்கள். நீங்கள் தூசு தட்டித் தட்டி வைத்திருந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் சிகாகோவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தம்பியிடம் கேட்டால் உங்கள் போனில் திறந்து தருவான்.

உங்கள் பழைய அட்டைகள் பரணில் இருந்தால் கரையான் அரிப்பதற்குள் இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏறவேண்டாம், முட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நாலைந்தைத் தம்பி படம் எடுத்து அனுப்பட்டும். அடுத்த பருவத்தில் அட்டை எழுத வரும் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும்.

உங்கள் அன்பு மகள்,
மீனா