லாரிக்கென்று விற்ற 600 வாட் ஸ்பீக்கர் செட்: பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
நாமக்கல்.
(பெயர், முகவரி, செல்பேசி எண் இணைத்துள்ள பில்லில் உள்ளபடி)

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத ஸ்பீக்கர் செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் 4,850 ரூபாய் கட்டி ஒரு ஸ்பீக்கர் செட் வாங்கினேன். ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று, வயர் ஒரு சுருள். "லாரி, பஸ், டெம்போ எல்லாவற்றுக்கும் பொருந்தும். கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அப்படியே மாட்டலாம். 12/24 வோல்ட். 600 வாட்" என்று போட்டிருந்தீர்கள். பெட்டியின் மேலும் அதையேதான் அச்சடித்திருக்கிறீர்கள். இதில் ஒன்றுகூட உண்மை இல்லை என்பதுதான் என் புகார்.

என் வண்டி 2012 மாடல் பத்து சக்கர லாரி. கம்பெனி கேபினோடு வந்தது. கதவில் இருந்த ஸ்பீக்கர் இரண்டும், அதிர்ந்து ஒலி எழுப்புகிற கூம்பான கோன் கிழிந்து கரகரவென்று ஆகிவிட்டன. தொலைதூரம் ஓடும் லைன் வண்டியில் ராத்திரி ஓட்டுகிறவனுக்குப் பாட்டு ஒரு துணை, அவ்வளவுதான். கேபின் அதிர வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசையில்லை. இன்ஜின் சத்தத்தைத் தாண்டி இளையராஜா பாட்டில் வரிகள் புரிந்தால் போதும். டயரும் டீசலும் போக மிஞ்சுகிற பணத்தில் செய்கிற வேலை என்பதால், ஐயாயிரத்துக்குள் முடிகிற செட்டாகப் பார்த்து வாங்கினேன்.

முதலில் ஆம்ப்ளிஃபயர். எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் மாட்டிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்து ஆம்ப் நின்றுவிட்டது. உங்கள் சேவை எண்ணில் பேசியவர், "24 வோல்ட்டில் நேரடியாகக் கொடுத்தது தப்பு சார். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருக்க வேண்டும்" என்றார். பெட்டியில் 24 என்று போட்டிருக்கிறதே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வாரண்டி கிடையாது என்றும் சொல்லிவிட்டார். அப்புறம்தான் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கிற கெப்பாசிட்டரின் மேலேயே 16 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. லாரி ஓடும்போது, பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் வரை கொடுக்கும். 16 வோல்ட் தாங்குகிற சாமானை உள்ளே வைத்துவிட்டு வெளியே 24 என்று அச்சடிப்பதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். படம் இணைத்திருக்கிறேன்.

உங்கள் ஆள் சொன்ன யோசனையையும் இங்கே எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அதை நம்பி வேறு யாராவது செய்துவிடுவார்கள். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்துத்தான் 24 வருகிறது. ஒன்றிலிருந்து மட்டும் கரண்ட் இழுத்தால் அந்த பேட்டரி எப்போதும் கொஞ்சம் காலியாகவே கிடக்கும். ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் சேர்ந்த மொத்த வோல்ட்தான் தெரியும். எதில் குறைவு, எதில் நிறைவு என்று அது பார்க்காது. அதனால் மற்ற பேட்டரி தேவைக்கு மேல் சார்ஜாகித் தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டுமே போகும். ஜோடி பேட்டரி வாங்க உங்கள் செட்டின் விலையைப் போலப் பல மடங்கு வேண்டும். 24-ஐ 12 ஆகக் குறைக்கிற கன்வர்ட்டர் போடுவதுதான் முறை. அது தேவை என்று உங்கள் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தால், அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்திருப்பேன்.

சரி, அந்த 600 வாட். ஆம்பின் பின்னால் நீங்களே போட்டிருக்கிற ஃபியூஸ் 5 ஆம்பியர். 14 வோல்ட்டோடு பெருக்கினால் 70 வாட். உள்ளே போகிறதே அவ்வளவுதான். அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். தொடர்ந்து 600 வாட் எந்த வழியாக வெளியே வரும்? மின்னஞ்சலில் ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவர், எவ்வளவு என்று கேட்டேன். "பீக் பவர் 600" என்று பதில் வந்தது, அதாவது கண நேரம் வந்து போகிற உச்சம். டேப் ரெக்கார்டர் காலத்தில், உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த பெட்டியில்கூட, இதே போன்ற கண நேர உச்சக் கணக்கில், பி.எம்.பி.ஓ. ஆயிரம் வாட் என்று ஒட்டியிருப்பார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

அடுத்தது ஸ்பீக்கர். வட்டம் ஆறரை அங்குலம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆழம்? என் பழைய ஸ்பீக்கர் நாலரை சென்டிமீட்டர் ஆழம். உங்களுடையது ஆறரை. கண்ணாடியை இறக்கினால் மேக்னட்டில் இடித்து நின்றுவிடுகிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகிற பெரிய லாரிகளுக்குத்தான் ஏசி கேபின் கட்டாயம். என் வண்டியில் கண்ணாடியை இறக்காமல் சித்திரை வெயிலில் ஓட்டிப் பாருங்கள், தெரியும். வேறு வழியில்லாமல் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வளையம் வெட்டி, இரண்டிரண்டாக ஒட்டி, ஸ்பீக்கரை வெளியே தள்ளி மாட்டினார் எலக்ட்ரீஷியன். இப்போது கம்பெனி மூடி பொருந்தவில்லை, முழங்கால் இடிக்கிறது. "அப்படியே மாட்டலாம்" என்று எழுதியவர் ஒரு கதவையாவது திறந்து பார்த்திருப்பாரா என்று சந்தேகமாக இருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆறாத விஷயம் ஒன்றுதான். ஆம்ப் போய்விட்டதே, வண்டியில் ஏற்கெனவே இருக்கிற ரேடியோ செட்டிலாவது ஸ்பீக்கர் பாடட்டும் என்று அதில் இணைத்தோம். கிழிந்த பழைய ஸ்பீக்கரைவிடச் சத்தம் குறைவாக வந்தது. வயரிங்கில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தோம். காரணம் அதுவல்ல. பழையதில் மெல்லிய காகிதக் கோன். கொஞ்சம் பவர் வந்தாலே அசையும். உங்களுடையது கனமான கோன், தடித்த ரப்பர் விளிம்பு. பெரிய ஆம்ப் இருந்தால்தான் வாயைத் திறக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்பதுதான் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. அதில் 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும், 6 குறைந்தால் நான்கு மடங்கு. சேனலுக்கு 15, 20 வாட்டுக்கு மேல் உருப்படியாகத் தராத சாதாரண ரேடியோ செட்டை வைத்திருப்பவன் பார்க்க வேண்டிய எண் இதுதான். குறைந்த காசில் ஸ்பீக்கர் மாற்றுகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தான். உங்கள் பெட்டியில் இந்த எண்ணே இல்லை. ஆழமும் இல்லை, ஆர்.எம்.எஸ்.ஸும் இல்லை. 600 மட்டும் கட்டைவிரல் அளவு எழுத்தில் இருக்கிறது.

உள்ளூர்க் கடையில் 1,900 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கினேன். பெட்டியில் 92 டெசிபல், 4 ஓம், 35 வாட் ஆர்.எம்.எஸ்., ஆழம் 4.6 சென்டிமீட்டர் என்று தெளிவாகப் போட்டிருந்தது. இன்னொரு கதவில் அதை மாட்டி, அதே ரேடியோவில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். 35 வாட் ஸ்பீக்கர் பாடுகிறது, உங்கள் 600 வாட் முனகுகிறது. அந்தக் காணொளியும் இணைப்பில் உண்டு.

வயரைப் பற்றி இரண்டு வரி. "முழுச் செம்பு" என்று விளம்பரம். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம். லாரி அதிர்கிற அதிர்வில் அது முறிந்து வண்டியின் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு, ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் அடையாளம் மாறியிருக்கிறது. ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றின் கோன் வெளியே வருகிறது, மற்றது உள்ளே போகிறது. இரண்டும் எதிரெதிராக அசைந்தால் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். பேக்கிங்குக்கு முன்னால் யாராவது சோதித்திருந்தால் இது உடனே பிடிபட்டிருக்கும்.

திருப்பி எடுக்க முடியாது என்பதற்கு நீங்கள் சொன்ன காரணம் இரண்டு: ஏழு நாள் கெடு தாண்டிவிட்டது, பொருளை மாட்டிவிட்டேன். பார்சல் வீட்டுக்கு வந்தபோது நான் மகாராஷ்டிராவில் லோடோடு நின்றேன். லாரிக்காரருக்கென்று விற்கிறீர்கள், லாரிக்காரர் வாரத்துக்குள் வீடு திரும்புவார் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்? மாட்டாமல் பொருந்துமா என்று எப்படித் தெரியும்? அது இருக்கட்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

ஆகவே, செட்டின் விலை 4,850 ரூபாயும், பிளைவுட் வளையத்துக்கும் மாட்டிய கூலிக்கும் ஆன 900 ரூபாயும் எனக்குத் திரும்ப வேண்டும். பொருளை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு செட் மாற்றித் தருகிறேன் என்று சொல்ல வேண்டாம். அதே பெட்டி, அதே எண்கள்தான் வரும். விளம்பரப் பக்கத்தில் 24 வோல்ட் என்பதை எடுத்துவிட்டு, ஆழம், ஆர்.எம்.எஸ்., சென்சிட்டிவிட்டி மூன்றையும் போடுங்கள். ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்கச் சொல்வதையும் உங்கள் சேவை மையம் நிறுத்த வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வாங்குபவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது.

வண்டி லோடில் இருக்கும்போது அழைப்பை எடுக்க முடியாது. பதிலை எழுத்தில், மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள்.

இணைப்பு: பில் நகல், விளம்பரப் பக்கத்தின் படம், பெட்டி மற்றும் கெப்பாசிட்டர் படங்கள், சுரண்டிய வயரின் படம், ஒப்பீட்டுக் காணொளி, எலக்ட்ரீஷியன் கொடுத்த கூலிச் சீட்டு.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர்,
நாமக்கல்.