இணைப்புக்குப் பின் விமானியின் வரிசை எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு விமான நிறுவனங்கள் இணைகின்றன என்றால் கட்டணம் ஏறுமா, கோவையிலும் நெடும்பாசேரியிலும் சேவை குறையுமா என்றுதான் நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. விமானம் ஓட்டுபவரின் வேலை என்ன ஆகும் என்று எழுதுவோர் குறைவு. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு பக்கம் பிள்ளையை விமானிப் படிப்புக்கு அனுப்பும் வீடுகளுக்கு இது முக்கியமான கேள்வி. 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் வாங்கி, ஒரு விமான வகையை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங்கையும் முடிப்பதற்குள் செலவு அரைக் கோடியைத் தாண்டிவிடும். கல்விக்கடன் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து ஈடு கேட்கும். தென்னந்தோப்புப் பத்திரம் வங்கியில் கிடக்கும்போது வேலைப் பாதுகாப்பு பற்றி ஆரம்பத்திலேயே விசாரித்துவிட வேண்டும்.

விமானிக்குச் சம்பளத்தைவிடப் பெரியது சீனியாரிட்டி எண், அதாவது பணி மூப்புப் பட்டியலில் அவருடைய வரிசை எண். கமாண்டர் (தலைமை விமானி) பதவி, பணிபுரியும் ஊர், ஆள் குறைப்பில் முதலில் வெளியேறுபவர் யார் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த எண்ணைப் பிடித்தே நடக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய நிறுவனத்தில் 1,600 விமானிகள், சிறியதில் 400 பேர். சிறிய நிறுவனத்தாரை அப்படியே பட்டியலின் அடியில் சேர்த்தால், 200 பேரைக் குறைக்கும்போது அந்த 200 பேரும் அவர்களிலிருந்தே போவார்கள். பாதிப் பேருக்கு வேலை இல்லை. விகிதப்படி கலந்திருந்தால் சிறியதில் 40 பேரும் பெரியதில் 160 பேரும் போவார்கள். ஒரே ஆள் குறைப்புதான். பட்டியல் கோத்த விதத்தில் 160 குடும்பங்களின் கதி மாறிவிடுகிறது. சேர்ந்த தேதியை மட்டும் பார்ப்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் புதிதாகத் தொடங்கி வேகமாக வளர்ந்த நிறுவனத்தில் இளவயதிலேயே கமாண்டர் ஆனவரை அது பின்னுக்குத் தள்ளிவிடும்.

அமெரிக்காவில் 2001-ல் டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, டிடபிள்யூஏ விமானப் பணிப்பெண்கள் பட்டியலின் அடியில் வைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் வந்த ஆள் குறைப்பு அவர்கள் மீதே விழுந்தது. அதன் பின்விளைவாக வந்ததுதான் 2007-ன் மெக்காஸ்கில்-பாண்ட் சட்டம்: பட்டியலை நியாயமாக இணைக்க வேண்டும், உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும். நம் நாட்டிலும் இதன் வலி தெரியாததல்ல. 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன. 5 ஆண்டு கழித்தும், போயிங் 787 விமானப் பயிற்சியில் யாருக்கு முன்னுரிமை என்ற தகராறில், 2012 மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் 50 நாளுக்கு மேல் நீண்டது.

இங்கே இணைப்பு 2013 நிறுவனச் சட்டத்தின் 230 முதல் 232 வரையுள்ள பிரிவுகளின்படி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் வழியாக நடக்கிறது. இணைப்புத் திட்ட ஆவணத்தில் ஊழியர்கள் பணி முறிவின்றி, குறையாத நிபந்தனைகளில் மாற்றப்படுவார்கள் என்று வழக்கமாக ஒரு வரி இருக்கும். அது சம்பளத்தைக் காக்கும், வரிசை எண்ணைக் காக்காது. திட்டத்தை ஆட்சேபிக்கும் உரிமையோ 10% பங்கு வைத்திருப்போருக்கும் 5% கடன் கொடுத்தோருக்கும்தான். ஊழியர் என்ற முறையில் விமானிக்கு அந்த இடம் இல்லை. ஆகவே பேச வேண்டியதை இணைப்பு மனு தீர்ப்பாயத்தில் தாக்கலாகும் முன்பே பேசி எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் 25ஜி பிரிவு கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்றது. 25எச், திரும்ப ஆள் எடுத்தால் போனவருக்கே முன்னுரிமை என்றது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அந்த முன்னுரிமைக்கு ஓராண்டு வரம்பு வந்துவிட்டது. விமானத் துறையில் சரிவு ஓராண்டில் தீரும் என்று யாரால் சொல்ல முடியும்? போதாக்குறைக்கு, மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழிலாளர் அல்ல என்ற வரையறையைக் காட்டி, கமாண்டருக்கு இது எதுவுமே பொருந்தாது என்று நிறுவனம் வாதாட இடமிருக்கிறது. சட்டத்தை மட்டும் நம்பாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கச் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது, ஆள் குறைப்புக்குப் பதிலாக நிறுவனமே அனுப்பும் ஊதியமில்லா விடுப்பு. 2020-ல் ஏர் இந்தியாவே 5 ஆண்டுவரை நீட்டக்கூடிய அப்படி ஒரு திட்டம் கொண்டுவந்தது. வேலை நீக்கம் இல்லை என்பதால் இழப்பீடும் கிடையாது. வேறிடம் போகலாம் என்றால் கமாண்டருக்கு 1 ஆண்டும் துணை விமானிக்கு 6 மாதமும் முன்னறிவிப்புக் காலம் குறுக்கே நிற்கும். விடுப்பின் உச்ச வரம்பு, அந்தக் காலத்திலும் சீனியாரிட்டி ஓடுமா, மருத்துவக் காப்பீடு தொடருமா, விலகிப் போக விரும்புபவருக்கு உடனே தடையில்லாச் சான்று தருவார்களா, பயிற்சிச் செலவுக்காக எழுதிக்கொடுத்த பாண்ட் தொகை தள்ளுபடியா: இவற்றுக்கு ஒப்பந்தத்தில் பதில் இருக்க வேண்டும்.

திரும்ப அழைப்பதிலும் ஒரு சிக்கல். கடைசி 90 நாளில் 3 முறை ஏற்றி 3 முறை இறக்கியிருந்தால்தான் விமானி பயணிகளோடு பறக்கலாம். 6 மாதத்துக்கொரு முறை திறன் சோதனையும் உண்டு. ஓராண்டு வீட்டில் இருந்தவர் சிமுலேட்டரில் (விமானம் போன்ற பயிற்சி இயந்திரத்தில்) பயிற்சி முடிக்காமல் விமானி இருக்கையில் உட்கார முடியாது. அந்தச் செலவு நிறுவனத்துடையது என்று எழுதாவிட்டால், திரும்ப அழைக்கும் உரிமை வெறும் காகிதம். விமான வகையும் அப்படித்தான். 2024 அக்டோபரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் ஏஐஎக்ஸ் கனெக்ட்டும் இணைந்தபோது போயிங் 737, ஏர்பஸ் ஏ320 என்ற இரு விமான வகைகளும் ஒரே நிறுவனத்துக்குள் வந்தன. இப்படிப்பட்ட இணைப்புகளில் பின்னாளில் ஒரு வகையைக் கழித்துக்கட்டினால், மூத்தவராக இருந்தும் அந்த வகை ஓட்டுபவர் உபரியாகிவிடுவார். மற்ற வகைக்கு மாறும் பயிற்சியைச் சீனியாரிட்டிப்படி தர வேண்டும் என்பது பட்டியலோடு சேர்ந்தே வர வேண்டிய நிபந்தனை.

இணைப்பு மனுவோடு சீனியாரிட்டி இணைக்கும் முறையையும், இணைந்த பின் குறைந்தது 3 ஆண்டுக்கு ஆள் குறைப்பில்லை என்ற உறுதியையும் தாக்கல் செய்ய வேண்டும் என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் விதி கொண்டுவர வேண்டும். பாலக்காடு, ஆலத்தூர் எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் வாசகர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்