திருவிருந்துக்கு முந்தின வாரம்

போதகர் ஐயாவுக்கும், சபை மூப்பர்களுக்கும், ஒரே அப்பத்தில் பங்குபெறும் சகோதர சகோதரிகளுக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

அப்பமும் ரசமும் பெறும் போன திருவிருந்து ஆராதனையில், நம்மை நாமே சோதித்துப் பார்க்கும்படி சொன்னீர்கள். எல்லாரும் கண்ணை மூடினோம். அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் பாட்டு ஆரம்பித்தது, வரிசையாக எழுந்து போனோம்.

அந்த அரை நிமிஷத்தில் எனக்கு எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. மாதம் பிறந்து 12 நாள் ஆகியும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கையில் பணம் இருந்தது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை முதல் ஞாயிறே கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன். சம்பளத்தை மட்டும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர் இரண்டு முறை கேட்க வந்து, கேட்காமலே திரும்பிப் போனதும் எனக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்தும் எழுந்து போய் அப்பத்தை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க" என்றார். வேறு என்ன சொல்ல அவரால் முடியும்?

அன்று இரவு, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். சோதித்தறியும்படி சொல்லும் 28-ஆம் வசனத்தை நாம் தனியாக எடுத்து வாசித்தே பழகிவிட்டோம். அதற்குச் சற்று முன்னால், 21-ஆம் வசனத்தில், ஒருவன் பசியாயிருக்கிறான், இன்னொருவன் வெறித்திருக்கிறான் என்று பவுல் கடிந்துகொள்கிறார். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டார்கள். இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நின்றார்கள். பிந்தி வந்தவர்கள் வேலை முடித்து வர வேண்டிய கூலிக்காரர்களும் அடிமைகளுமாக இருந்திருக்கலாம் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அதிகாரத்தின் முடிவில் பவுல் கேட்பது, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும் என்பதுதான். கொரிந்து சபை சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது பக்கத்தில் இருப்பவனை நடத்திய விதத்தை. என் வீட்டிலோ, காத்திருக்க வைக்கப்பட்டவர் அந்த அம்மா.

கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் தங்கக் கூடாது என்பது லேவியராகமம் 19:13. ஒரு ராத்திரிகூடக் கூடாதாம். நான் 12 ராத்திரி வைத்திருந்தேன்.

லூக்கா 3-ல் ஜனங்கள் யோவான் ஸ்நானகனிடம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் ஒருவரையும் கண்ணை மூடச் சொல்லவில்லை. இரண்டு அங்கி உள்ளவனுக்கு ஒரு பதில், வரி வசூலிப்பவனுக்கு ஒரு பதில், போர்ச்சேவகனுக்கு ஒரு பதில். எல்லாமே அவரவர் பிழைப்பைத் தொடுகிற பதில்கள். என் விசுவாசம் எப்படி இருக்கிறது என்று என்னையே கேட்டால் நல்ல மார்க்தான் போட்டுக்கொள்வேன். என் மனைவியிடமும், அலுவலகத்தில் எனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடமும் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திருவிருந்துக்கு முந்தின ஞாயிறே அதை அறிவித்து, எங்களுக்கு ஒரு வாரம் கொடுங்கள். கடனைத் திருப்பித் தர, பேசாமல் இருக்கிற அண்ணனைப் போய்ப் பார்க்க, பொய்யாக எழுதிய கணக்கைத் திருத்த அரை நிமிஷம் போதாது.

இது புதுப் பழக்கமும் இல்லை. ஆதிச் சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் டிடாக்கே, சண்டையில் இருக்கிறவர்கள் ஒப்புரவாகும்வரை கூடிவந்து அப்பம் பிட்க வேண்டாம் என்கிறது. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபப் புத்தகம், திருவிருந்தில் பங்குபெற விரும்புகிறவர்கள் குறைந்தது முந்தின நாளே போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்று ஒழுங்கு வைத்திருந்தது.

மூப்பர்கள் வீடு வீடாகப் போய் விசாரிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது அடுத்தவர் குற்றத்தைத் தேடும் பரிசேயத்தனத்தில் போய் முடியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடிபட்டவரை அடித்தவரோடு சமாதானமாகப் போகச் சொல்ல இந்த வாரத்தை யாரும் பயன்படுத்தக் கூடாது. மத்தேயு 5:23, 24-ஐக் கவனித்து வாசியுங்கள். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போக வேண்டியவன், எவன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டோ அவன்தான். நோகடித்தவன்தான் முதலில் நடக்க வேண்டும்.

அந்த வாரத்தில் முடிக்க முடியாதவர்கள் அந்த ஞாயிறு இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கட்டும். அவர்களை யாரும் ஒரு மாதிரி பார்க்காதபடி நீங்கள் முன்கூட்டியே சபையில் சொல்லிவைக்க வேண்டும். அடுத்த முறை நானும் அப்படி உட்கார்ந்திருக்க நேரலாம். என் தம்பியோடு தீர்க்க வேண்டிய ஒரு கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. இந்த வாரம் அவனைப் பார்க்கப் போகிறேன்.

மூப்பர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவு சொல்லும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரன்