கழனிக்குப் போக வழி கொடுங்கள்

நெடுஞ்சாலைப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

வேலூர் மாவட்டம் பள்ளிகொண்டா பக்கத்து விவசாயி எழுதுகிறேன். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் எங்கள் ஊருக்கு எதிரே நடுத்தடுப்பில் இருந்த திறப்பைப் போன வாரம் கான்கிரீட் கட்டை வைத்து மூடிவிட்டீர்கள். ஏன் மூடினீர்கள் என்பது தெரியும். இருட்டுகிற நேரத்தில் அங்கே திரும்பிய டிராக்டரின் டிரெய்லரில் லாரி மோதியது. ஓட்டிய பையன் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே மனு கொடுத்தவர்கள் நாங்கள்தான். வேறு வழி செய்துவிட்டு மூடுங்கள் என்றுதான் கேட்டோம். வழி வரவில்லை, கட்டை மட்டும் வந்துவிட்டது.

வீடுகள் இந்தப் பக்கம், கழனி அந்தப் பக்கம். பாலத்துக்கு அடியில் போங்கள் என்கிறீர்கள். தயவுசெய்து ஒரு மழை நாளில் வந்து அந்தப் பாலத்தடியைப் பாருங்கள். தண்ணீர் வடிய வழியில்லை. நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, தண்ணீர் நின்றால் அது கண்ணுக்குத் தெரியாது. வெறும் டிராக்டர் எப்படியோ ஏறிவிடும். நெல் மூட்டையோடு டிரெய்லர் இருந்தால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி, பாரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. வைக்கோல் பாரமோ, பாலத்தின் அடியில் உரசி, பாதி அங்கேயே சரிந்துவிடுகிறது. அப்புறம் பெண்கள் அந்தச் சேற்றில் நின்று வைக்கோலை அள்ள வேண்டும்.

மிச்சம் இருப்பது நெடுஞ்சாலைதான். அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். பாரம் ஏற்றிய டிராக்டர் 25 கி.மீ. வேகத்தில் போகும். பின்னால் கார் 100 கி.மீ. வேகத்தில் வருகிறது. ஒவ்வொரு நொடியும் சுமார் 21 மீட்டர் நெருங்குகிறது. அந்த ஓட்டுநர் ஒரு முறை செல்போனைக் குனிந்து பார்த்தால் போதும். எங்கள் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் இருக்கும் பாரம் டிராக்டரைத் தள்ளுகிறது. இதற்குப் பயந்துதான் சிலர் ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார்கள். அது தவறு, நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அபராதச் சீட்டு கொடுக்க வருகிறவர்கள், எந்த வழியாகப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போக வேண்டாமா?

எங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறோம். டிரெய்லரின் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டியிருக்கிறோம். சாலையில் ஏறுவதற்கு முன், இடது வலது சக்கரங்களுக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கி போட்டு இணைக்க வேண்டும், மட்கார்டில் ஆள் ஏற்றக்கூடாது என்று ஊரில் கூட்டம் போட்டுச் சொல்லியிருக்கிறோம். சேடை ஓட்ட, அதாவது சேற்று உழவுக்கு, மாட்டும் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தோடு தார்ச் சாலையில் ஏறக்கூடாது என்றால் அதுவும் சரி, அந்த இரும்பு சாலையைக் கொத்திவிடும். டிரெய்லரில் ஏற்றிப்போய், ஜாக்கி வைத்து, கழனி ஓரத்தில்தான் மாட்டுகிறோம். விதிக்கு எதிரானவர்கள் இல்லை நாங்கள். கழனிக்குப் போக ஒரு வழி கேட்கிறோம், அவ்வளவுதான்.

விதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் டிராக்டருக்குச் சுங்கக் கட்டணம் இல்லை. சர்வீஸ் ரோடோ மாற்றுச் சாலையோ இருக்கும் இடத்தில் டிராக்டர் நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. அப்படி ஒரு சாலை இருந்தால் மகிழ்ச்சியோடு ஏறாமல் இருப்போம். எங்கள் ஊருக்கு அந்தச் சர்வீஸ் ரோடு எங்கே?

இந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை எண் 46 என்று இருந்தது, 48 ஆனது. 2019-இல் வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது. எந்தப் பலகை மாறினாலும் எங்கள் மனு மட்டும் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. போன தடவை ஓர் அலுவலகத்தில், "டிராக்டரை ஏன் ஹைவேக்குக் கொண்டு வருகிறீர்கள்?" என்று கேட்டார்கள். சாலைக்காக நிலம் கொடுத்த ஊர் இது. சொந்தக் கழனிக்குப் போகிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? சென்னைக்கும் பெங்களூருக்கும் சீக்கிரம் போகிறவர்களுக்காக எல்லாம் செய்கிறீர்கள். சாலையை குறுக்கே கடந்தே ஆக வேண்டியவர்களும் இதே சாலைக்காரர்கள்தான்.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். பாலத்தடியில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி, பள்ளத்தை மூடுங்கள். இது ஒரு வார வேலை. சர்வீஸ் ரோடு எப்போது வரும் என்பதை எழுத்தில் சொல்லுங்கள். அதுவரை காலையும் மாலையும் டிராக்டர்கள் கடக்கும் நேரத்தில் ஓர் ஆளை நிறுத்தி, திறப்பைத் திறந்து விடுங்கள்.

தை மாதம் சம்பா அறுவடை. நெல்லை கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு இதே இடத்தில்தான் வந்து நிற்போம். அதற்குள் ஒரு வழி கொடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
பள்ளிகொண்டா பக்கத்து டிராக்டர் விவசாயி